விற்காமல் கிடந்த புகை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஐலாத் தீவு. அதன் தென்கரையில் போர்ட் எலன் என்ற சிற்றூர். வளைகுடாவை ஒட்டி, அலை சுவரைத் தொடும் நெருக்கத்தில், வெள்ளையடித்த கிட்டங்கிகள் வரிசையாக நிற்கின்றன. கடலைப் பார்த்த சுவரில் ஊரின் பெயரைக் கறுப்பு எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். படகில் வருகிறவர்கள் தூரத்திலிருந்தே படிக்கலாம். 1825-ல் தொடங்கிய இந்த ஊர் வடிசாலையை 1983 மே மாதம் இழுத்து மூடினார்கள். சாராயம் வடிக்கும் வாலைகளைக் கழற்றி எடுத்துப்போனார்கள். ஏற்கெனவே வடித்து நிரப்பிய பீப்பாய்கள் மட்டும் கிட்டங்கிகளின் இருட்டில் கிடந்தன. 2024 மார்ச்சில் அதே இடத்தில் புது வாலைகள் சூடேறின. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அந்தப் பழைய பீப்பாய்களுக்கு நேர்ந்ததுதான் புகை விஸ்கியின் அன்றும் இன்றும்.

பீப்பாயிலிருந்து எடுத்து, தண்ணீர் சேர்க்காமல், அதன் முழு வீரியத்தோடு பாட்டிலில் அடைத்த முதிய புகை விஸ்கி இன்று உலகில் மிக ஏங்கித் தேடப்படும் பானங்களில் ஒன்று. அதை அப்படி முதிரவிட வேண்டும் என்று அன்று யாரும் திட்டமிடவில்லை. வாங்க ஆளில்லாததால் அது முதிர்ந்தது. இன்றைய மோகத்தைப் புரிந்துகொள்ள இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

புகையேகூட அந்தத் தீவில் ருசிக்காக வந்ததல்ல. ஐலாவில் மரம் குறைவு, நிலக்கரி கிடையாது. கிடைத்த எரிபொருள் பீட்: பாசியும் புல்லும் புதர்ச்செடியும் சதுப்பில் மக்கி, காற்றுப் புகாமல் இறுகிய கறுப்பு மண். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் ஆயிரம் ஆண்டு கையில் வருகிறது. குளிர்காலத்துக்கு வீட்டு அடுப்பில் எரித்ததும் அதைத்தான், முளைகட்டிய பார்லியை உலர்த்த எரித்ததும் அதைத்தான். ஈரப் பார்லி அந்தப் புகையை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அரைத்து, ஊறவைத்து, நொதிக்கவைத்து, இருமுறை வாலையில் வடித்த பின்னும் புகை மணம் தரும் ஃபீனால் சேர்மங்களில் ஒரு பங்கு தப்பிப் பிழைத்துச் சாராயத்தில் வந்து நிற்கும். தீவின் பீட்டில் மரத்தின் பங்கு குறைவு, பாசியின் பங்கு அதிகம். அதனால்தான் ஐலாப் புகையில் விறகு வாசனையைவிட டிங்சரும் தாரும் தூக்கலாக இருக்கின்றன.

அன்று ஒவ்வொரு வடிசாலையும் தன் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, தானே செய்துகொண்டது. ஊறிய பார்லியைக் கல்தளத்தில் பரப்பி, முளை வேர்கள் பின்னிக்கொள்ளாதபடி இரவு பகலாக மரத் துடுப்பால் புரட்டினார்கள். பல ஆண்டுகள் புரட்டியவர்களின் தோள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். வேலையாட்களுக்கு நாளுக்குச் சில தடவை ஒரு வாய்ச் சாராயம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 1970களில் அது மெல்ல மறைந்தது. 1973-ல் போர்ட் எலனில், வடிசாலைக்குப் பக்கத்திலேயே, பிரம்மாண்டமான இரும்பு உருளைகளில் முளைகட்டும் ஆலை வந்தது. பிறகு தீவின் பல வடிசாலைகள் அங்கிருந்துதான் மால்ட் வாங்கின. எவ்வளவு புகை வேண்டும் என்பதை எண்ணாகவே சொல்லி வாங்கலாம்: லாகவூலினுக்குப் பத்து லட்சத்தில் 35 பங்கு ஃபீனால், ஆர்ட்பெக்குக்கு 50-க்கு மேல். லஃப்ராய்க், பொமோர், கில்கோமன் ஆகியவை மட்டும் தேவையில் ஒரு பகுதியைக் கல்தளத்தில் இன்னும் தாங்களே முளைகட்டுகின்றன. ஆர்ட்பெக்கின் பழைய உலர்த்துகூடம் இப்போது உணவகம்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த புகை விஸ்கியை அன்று அதன் பெயரிலேயே வாங்கிக் குடித்தவர்கள் கொஞ்சம்தான். தீவின் சரக்கில் பெரும்பகுதி கலவை விஸ்கிக்குப் போனது. ரசத்துக்குப் பெருங்காயம் எப்படியோ, கலவைக்காரர்களுக்கு ஐலா அப்படி: கொஞ்சம் போதும், ஆனால் இல்லாமல் முடியாது. அந்தக் கொஞ்சத்துக்காகச் சண்டையும் நடந்தது. லாகவூலினின் பீட்டர் மெக்கி பக்கத்து லஃப்ராய்க்குக்கு முகவராக இருந்தவர். அந்த உரிமை கைவிட்டுப் போனதும் 1908-ல் தன் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்று ஒரு குட்டி வடிசாலை கட்டி, லஃப்ராய்க்கைப் போலவே செய்துகாட்ட முயன்றார். வாலையின் வடிவத்தை அப்படியே பின்பற்றிச் செய்தும் அந்த ருசி வரவில்லை. மால்ட் மில் 1962 வரை ஓடியது.

போர்ட் எலனின் கதை இன்னும் எளியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு மூடிக்கிடந்த அந்த வடிசாலையை 1967-ல் கலவைக்குப் புகை போதவில்லை என்பதற்காகத் திறந்தார்கள். நான்கு வாலைகள் பதினாறு ஆண்டு ஓடின. பிறகு 1970களில் கணக்கில்லாமல் வடித்த சரக்கு கிட்டங்கிகளில் தேங்கியது. எண்ணெய் விலை ஏறி உலகம் முழுக்க வாங்கும் சக்தி குறைந்திருந்த நேரம். குடிக்கிறவர்களில் இளையவர்கள் வோட்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய விஸ்கி நிறுவனமான டிஸ்டில்லர்ஸ் கம்பெனி 1983-ல் ஒரே வீச்சில் பதினொரு வடிசாலைகளை மூடியது. ஐலாவில் அதனிடம் மூன்று இருந்தன. கோல் ஈலா புதிதாகக் கட்டப்பட்டது, கொள்ளளவும் அதிகம். லாகவூலினை வைட் ஹார்ஸ் கலவை தாங்கியது. மிஞ்சியது போர்ட் எலன். ஆர்ட்பெக் வேறு உரிமையாளரிடம் இருந்தது. அதுவும் 1981-லேயே மூடப்பட்டிருந்தது.

போர்ட் எலன் பீப்பாய்களில் பல ஏற்கெனவே இரண்டு மூன்று முறை விஸ்கி நிரப்பிக் காலிசெய்த கிழப் பீப்பாய்கள். கலவைக்குப் போகும் புகைச் சரக்குக்குப் புது ஓக் மரத்தின் வெனிலாவும் காரமும் தேவையில்லை, செலவும் மிச்சம். இந்தச் சிக்கனம்தான் பின்னாளில் அவற்றைக் காப்பாற்றியது. ஓக்கின் சத்தெல்லாம் இறங்கிப்போன அந்தப் பீப்பாயில் விஸ்கி இருபது முப்பது ஆண்டு கிடந்தாலும் மரச்சுவை ஏறிக் கசக்காது. பலகை வழியே காற்று மட்டும் மெதுவாக உள்ளே போய்வரும். புது ஓக்கில் நிரப்பியிருந்தால் இன்று நாம் பேசிக்கொண்டிருப்பது வெறும் மரக்கஷாயத்தைப் பற்றி.

அவ்வளவு காலம் பீப்பாய்க்குள் என்னதான் நடக்கிறது? வாலையிலிருந்து இறங்கும் சாராயத்தைத் தண்ணீர் சேர்த்து வழக்கமாக 63.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பீப்பாயில் ஊற்றுகிறார்கள். ஐலாவின் குளிரிலும் ஈரத்திலும் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம் ஆவியாகிறது. காற்று ஈரமாக இருப்பதால் தண்ணீரைவிட ஆல்கஹால் வேகமாக வெளியேறி வீரியம் ஆண்டுக்காண்டு இறங்கும். 40 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் அதை ஸ்காட்ச் என்று விற்கச் சட்டம் அனுமதிக்காது. ஆகவே முழு வீரியத்தில் அடைத்த முதிய விஸ்கியின் பாட்டிலில் 56.2 என்றோ 51 என்றோ எழுதியிருப்பது ஆலையில் யாரோ தீர்மானித்த எண் அல்ல, அந்தக் கிட்டங்கியின் வானிலை எழுதிய எண்.

புகையும் மாறுகிறது. ஐந்து வயதுப் புகை விஸ்கி மூக்கில் அறையும்: சாம்பல், எரிந்த ரப்பர், மருத்துவமனை. இருபத்தைந்து வயதில் அந்தக் கூர்மை மழுங்கி, புகைக்கு அடியில் இவ்வளவு நாள் ஒளிந்திருந்தவை மேலே வருகின்றன. பழைய போர்ட் எலனில் எலுமிச்சைத் தோலும் மெழுகும் தார் பூசிய படகுக் கயிறும் அணைந்த அடுப்பின் சாம்பலும் உப்பும் இருக்கும். 1960களில் வடித்த பொமோரில் புகை கிட்டத்தட்டக் கரைந்து மாம்பழமும் கொய்யாவும் பாஷன் பழமும் மேலெழும். இந்த வர்ணனையை முதல் முறை படிக்கிறவர்கள் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பார்கள். மிகையல்ல. பீட் புகையும் நொதித்தலில் பிறந்த பழ மணங்களும் ஒரே சாராயத்தில் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. காலம் ஒன்றைத் தணித்து மற்றதற்கு இடம் கொடுக்கிறது.

அதைக் குடிக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு இங்கேதான். தடித்த அடியுள்ள அகலக் குவளை, அது நிறைய ஐஸ், மேலே சோடா: கலவை விஸ்கியின் காலம் கற்றுக்கொடுத்த முறை அது. முதிய புகை விஸ்கிக்கு அது பொருந்தாது. வாய் குறுகிய சிறு கிண்ணம் வேண்டும். 25 மில்லி போதும். ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விட வேண்டும். மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்புக்கு மேலே வைத்து, வாயைச் சற்றுத் திறந்தபடி முகர்ந்தால் ஆல்கஹால் சுடாது. முதல் மிடறு தண்ணீர் இல்லாமல். அரை மிடறுகூடப் போதும், நாக்கு பழகுவதற்கு. பிறகு சில சொட்டுத் தண்ணீர்.

அந்தச் சில சொட்டுகளுக்கு அறிவியல் காரணம் உண்டு. புகை மணத்துக்கு முக்கியமான மூலக்கூறு குவாயகால். 2017-ல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் இருவரும் கணினியில் அதன் போக்கை ஆராய்ந்தார்கள். வீரியம் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது ஆல்கஹால் மூலக்கூறுகள் குவாயகாலைச் சூழ்ந்து உள்ளே இழுத்துவைக்கின்றன. 45-க்கு அருகே இறங்கும்போது அது மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது, அதாவது மூக்குக்கு அருகில். எனவே முழு வீரியத்தில் அடைத்ததன் பயன் அப்படியே விழுங்குவதில் இல்லை. எவ்வளவு தண்ணீர், எப்போது என்று முடிவெடுக்கும் உரிமை குடிப்பவருக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரே விஸ்கி வேறு முகம் காட்டும். மிகவும் முதிர்ந்து 45-க்குக் கீழே தானாகவே இறங்கிவிட்டதற்குத் தண்ணீர் வேண்டாம்; அதைக் காலமே ஏற்கெனவே ஊற்றிவிட்டது.

இந்த அருமையை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் வடிசாலைக்காரர்கள் இல்லை, இடைத்தரகர்களும் ரசிகர்களும். 1842-லிருந்து இருக்கும் கேடன்ஹெட், 1895-ல் எல்ஜின் நகரில் மளிகைக் கடையாகத் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபெயில் போன்றவர்கள் வடிசாலைகளிடம் பீப்பாய் வாங்கித் தாங்களே அடைத்து விற்றார்கள். இத்தாலியில் சில்வானோ சமரோலி போன்ற வணிகர்கள் முழு வீரியத்தில் அடைக்கச் சொல்லிக் கேட்டார்கள். போர்ட் எலன் மூடிய அதே 1983-ல் எடின்பரோவில் பிப் ஹில்ஸ் என்பவரும் நண்பர்களும் ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டியைத் தொடங்கினார்கள். ஒற்றைப் பீப்பாய், கலப்பில்லாத வீரியம், லேபிளில் வடிசாலையின் பெயருக்குப் பதில் எண். 1988-ல் லாகவூலின் பதினாறு வயதை ஆறு மால்ட் வரிசையில் ஒன்றாக நிறுவனமே முன்னிறுத்தியது. அடுத்த ஆண்டு பத்திரிகையாளர் மைக்கேல் ஜாக்சனின் மால்ட் விஸ்கிக் கையேடு வந்தது. குடிக்கிறவர்கள் கடைக்குப் போய் வடிசாலையின் பெயரையும் வயதையும் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். கிட்டங்கியில் கிடந்ததை ஏதோ மறந்துபோன சரக்காக வைத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் கைவசம் என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

போர்ட் எலனை 2001-லிருந்து ஆண்டுக்கொருமுறை அடைத்து வெளியிட்டார்கள். முதல் வெளியீடு 1979-ல் வடித்தது, 22 வயது, 56.2 சதவீதம், 6,000 பாட்டில். விலை நூறு பவுண்டுச் சொச்சம். சம்பளம் வாங்குகிறவர் மனது வைத்தால் வாங்கிவிடலாம், வாங்கித் திறந்தும்விடலாம், பலர் திறந்தார்கள். 2024-ல் வடிசாலையை மறுபடி திறந்தபோது 1978-ல் வடித்த 44 வயது விஸ்கியை இரண்டு பாட்டில் கொண்ட ஜோடியாக வெளியிட்டார்கள். விலை 45,000 பவுண்டு.

இது ஒரு வடிசாலையோடு நிற்கவில்லை. பொமோரில் 1964-ல் வடித்து ஷெர்ரி பீப்பாயில் கருத்துப்போன பிளாக் பொமோர் 1993-ல் முதலில் வந்தபோது நூறு பவுண்டை ஒட்டிக் கிடைத்தது. 2016-ல் அதே தொகுதியின் கடைசிப் பீப்பாயிலிருந்து ஐம்பது வயதில் 159 பாட்டில் எடுத்து, ஒவ்வொன்றையும் 16,000 பவுண்டுக்கு விற்றார்கள். 1997-ல் கிளென்மோரஞ்சி நிறுவனம் ஆர்ட்பெக் வடிசாலையை, கட்டடம், கையிருப்பு எல்லாம் சேர்த்து, 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2022-ல் அதே ஆர்ட்பெக்கில் 1975-ல் வடித்த ஒரே ஒரு பீப்பாய் ஆசியாவைச் சேர்ந்த ஒருவருக்கு ஒரு கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அதிலிருந்து ஆண்டுக்கு 88 பாட்டில் வீதம் ஐந்தாண்டுக்கு எடுத்துத் தருவதாக ஏற்பாடு. கணக்குப் போட்டால் பாட்டிலுக்கு 36,000 பவுண்டுக்கு மேல் வருகிறது.

இந்த விலைகளை எண்ணும்போது எனக்கு வருத்தம்தான் வருகிறது. பணக்காரர்கள் குடிக்கிறார்களே என்ற வருத்தமல்ல. அவர்களும் குடிப்பதில்லை என்பது. பாட்டில் பெட்டகத்துக்குப் போகிறது, அங்கிருந்து ஏலத்துக்கு, ஏலத்திலிருந்து இன்னொரு பெட்டகத்துக்கு. 1967-க்கும் 1983-க்கும் இடையில் போர்ட் எலனில் வேலை செய்தவர்கள் செய்தது குடிப்பதற்கான பொருள். கண்ணாடிக்குள் அடைபட்ட பிறகு விஸ்கி மேலும் முதிராது. காத்திருப்பதால் அதற்கு எந்த லாபமும் இல்லை. தக்கை சுருங்கினால் நட்டம்தான். உலகில் எஞ்சியிருக்கும் அந்தப் பதினாறு ஆண்டுச் சரக்கு ஒவ்வொரு பாட்டிலாகக் குறைந்துகொண்டே வருகிறது, அதன் ருசியை நேரில் அறிந்தவர்களின் எண்ணிக்கையோ அதற்கேற்பப் பெருகவில்லை.

இன்றைய நிலையில் எல்லாமே இழப்பு என்று சொல்வது நியாயமாகாது. சாதாரணமாக வாங்கக்கூடிய புகை விஸ்கி இன்றளவுக்கு நேர்மையாக ஒருபோதும் இருந்ததில்லை. அன்று 40 சதவீதத்துக்கு நீர்த்து, குளிரில் மங்கக் கூடாதென்று குளிர்வித்து வடிகட்டி, காரமல் நிறம் சேர்த்து விற்பார்கள். வடிகட்டும்போது வாயில் தங்கும் எண்ணெய்ப் பதமும் கொஞ்சம் போய்விடும். இன்று லேபிளிலேயே வீரியம், பீப்பாயின் வகை, வடிகட்டாதது, நிறமூட்டாதது என்று எழுதுகிறார்கள். லஃப்ராய்க் பத்து வயது, லாகவூலின் பன்னிரண்டு வயது இரண்டும் முழு வீரியத்திலும் வந்திருக்கின்றன. 1990களின் நடுவில் மூடி, 2001-ல் திறந்த புருக்லாடி தன் ஆக்டோமோர் வரிசையில் ஃபீனாலை 300-க்கு மேலேகூடக் கொண்டுபோனது. கில்கோமன் 2005-ல் ஒரு பண்ணையில் தொடங்கி, சொந்த வயல் பார்லியை முளைகட்டுகிறது. பெங்களூரின் அம்ரித்தும் கோவாவின் பால் ஜானும் ஸ்காட்லாந்தின் புகையை நம் வெயிலில் முதிரவைக்கிறார்கள். அம்ரித்தின் கிட்டங்கியில் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகிறது. நாலைந்து வருடத்திலேயே மரம் தன் வேலையை முடித்துவிடும். அதன் புகை விஸ்கிகளில் எனக்குப் பிடித்த சரக்கு உண்டு. ஆனால் முப்பது வயது என்பது இந்தத் தட்பவெப்பத்தில் கிட்டாது. அதற்குள் பீப்பாய் வற்றிவிடும். நீண்ட முதுமைக்கு ஐலாவின் ஈரக் குளிர்தான் வேண்டும்.

புதிய போர்ட் எலனில் பழைய வாலைகளின் அளவெடுத்துச் செய்த ஒரு ஜோடி இருக்கிறது, பரிசோதனைக்கென்று சிறிய ஜோடி ஒன்றும். 2024-ல் நிரப்பிய பீப்பாய் முதல் வெளியீட்டின் வயதை எட்ட 2046 ஆக வேண்டும். அதுவரை பொறுப்பார்களா என்பது வடிப்பவர்களைவிடக் கணக்குப் பார்ப்பவர்களின் கையில் இருக்கிறது. ஸ்காட்ச் ஏற்றுமதி 2022-ல் 620 கோடி பவுண்டாக இருந்து 2024-ல் 540 கோடிக்கு இறங்கியிருக்கிறது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி இந்தியாவின் 150 சதவீத இறக்குமதி வரி முதலில் 75-ஆகவும் பத்தாண்டில் 40-ஆகவும் குறையும். இந்தியச் சந்தையை நம்பி அங்கே பலர் காத்திருக்கிறார்கள். தேவை மந்தமாகும் காலத்தில் கிட்டங்கி நிரம்புகிறது. நிரம்பினால் உற்பத்தியைக் குறைக்கவும் இருப்பை இளமையிலேயே கலவைக்குத் தள்ளவும் தோன்றும். 1983-ல் மூடியது தவறான கணக்கு என்று இன்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஆனால் அன்று தேங்கியதை அவசரப்பட்டு முழுக்கக் காலிசெய்யாமல் கிழப் பீப்பாயிலேயே விட்டுவைத்தது நல்ல காரியம். இப்போதைய மந்தத்திலும் ஐலாக்காரர்கள் புகைச் சரக்கில் ஒரு பகுதியையாவது, ஷெர்ரி, ஒயின் என்று பீப்பாய் மாற்றி மெருகேற்றாமல், இரண்டு மூன்று முறை பயன்படுத்திய சாதாரண ஓக்கில் நிரப்பி, கால் நூற்றாண்டு தொடாமல் வைக்க வேண்டும். அடைக்கும்போது எண்ணிக்கையைச் சில நூறாகச் சுருக்காமல் ஆயிரங்களில் வைத்து, 2001-ல் போலச் சம்பளக்காரர் வாங்கித் திறக்கும் விலையில் விற்க வேண்டும்.